நடுவழியில் வாகனம் நின்றால்...



வாகனம் பழுதாவது உலகத்தில் எங்கும் நடக்கிற விடயம். ரயர் வெடிக்கும், பெல்ற் அறும், எஞ்சின் சூடேறும். சில மணித்தியாலங்களில், மிஞ்சினால் ஒரு நாளில், அது சரியாகிவிடும். ஆனால் பெண்கள் மட்டும் சேர்ந்து போன வாகனம் நடுவழியில் நின்றுவிட்டால், அந்தச் செய்தி வாகனத்துக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. "இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்வதற்கு அங்கே ஒருவர் காத்திருப்பார். ஆண்கள் போன வாகனம் நின்றால் பிழை பற்றரியில். பெண்கள் போன வாகனம் நின்றால் பிழை பயணத்தில்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் பெண்களின் நடமாட்டச் சுதந்திரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். கிராமங்களுக்கு வேலைக்கு வந்த பின்னர்தான், அந்தச் சுதந்திரம் சிலவேளை ஒரு வானின் பெல்ற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று விளங்கியது. அதனால் இம்மாதம் உங்களோடு வாகனங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். கடைசிவரை வாசியுங்கள்.

எம்மவர்களுக்கு வீதிகளில் இருக்கும் பயம் சும்மா வந்ததல்ல. ஏ-9 வீதி 2002இல் திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி ஏறிய நாட்களை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வீதியின் இருபக்கமும் மிதிவெடிப் பலகைகள். தாரை விட்டுக் கால் வைக்க முடியாது. 2006 ஓகஸ்டில் அதே வீதி மூடப்பட்டது. அதன்பின் 2009 வரை வன்னி மக்கள் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் கால்நடையாகவும் இடம்பெயர்ந்த கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களில் பலருக்கு, ஓடிக்கொண்டிருக்கும் வாகனம் திடீரென நின்றால் அடுத்து வருவது சோதனை, இறக்கம், விசாரணை. எஞ்சின் சத்தம் அடங்கியவுடன் வயிற்றைக் கலக்கும் சகோதரிகள் இன்றும் இருக்கிறார்கள். அதை யாரும் கேலி செய்யக்கூடாது.

இனி 2023 ஓகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த ஒன்பது பெண்களும் நானும் வாடகை வானில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டோம். ஒன்பது பேரும் குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள். மட்டக்களப்பில் ஒரு பெண்கள் சங்கம், நுண்கடன் கம்பனிகளிடம் போகாமல் தங்களுக்குள்ளேயே சேமித்துச் சுழற்சிக் கடன் கொடுத்து வருகிறது. அந்தக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்று நேரில் பார்ப்பதே எங்கள் நோக்கம். காலையில் இருவருக்குக் கிளினிக் இருந்ததால் மதியத்துக்குப் பிறகுதான் வெளிக்கிட முடிந்தது. மாங்குளம், வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை என்று வந்து, மரதன்கடவலவில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினோம். ஹபரணையைக் கடந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

சாரதி ஓர் இளம் பிள்ளை. அவருக்குப் பின்னால் இருந்த அக்கா ஒருவர்தான் முதலில் கண்டார்.

"தம்பி, உந்தச் சிவப்பு லைற் ஏன் எரியுது?"

"அது ஒண்டுமில்லை அக்கா, சும்மா எரியும்."

சும்மா எரியும் சிவப்பு விளக்கு எந்த வாகனத்திலும் கிடையாது. பற்றரிப் படம் போட்ட விளக்கு அது. கொஞ்ச நேரத்தில் கருகிய றப்பர் மணம். அந்த அக்கா தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினைப் பத்து வருடமாகத் தானே இயக்குபவர். "பெல்ற் போட்டுது. தம்பி, ஓரமா நிப்பாட்டும்" என்றார். வெப்பமானியின் முள் மேலே ஏறியிருந்தது. வான் நின்றதும் முன் ஆசனத்துக்குக் கீழிருந்து ஆவி கிளம்பியது.

அந்த வகை வான்களில் ஒரே பெல்ற்தான் பற்றரியை ஏற்றும் டைனமோவையும், எஞ்சினைக் குளிராக்கும் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்தால் முதலில் விளக்கு எரியும், பிறகு சூடேறும். விளக்கு எரிந்த உடனேயே நிறுத்தினால் பெல்ற்றோடு செலவு முடியும். ஓடிக்கொண்டே போனால் எஞ்சினே போய்விடும்.

சாரதித் தம்பி பதற்றத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனார். "பொறு தம்பி, திறவாதை!" என்று அதே அக்கா கையைப் பிடித்துவிட்டார். இதை எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். மூடியிருக்கும் ரேடியேற்றருக்குள் தண்ணீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டிய பிறகும் அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விடுபட, அது முழுவதும் கொதித்து முகத்தில் பாயும். பிறஷர் குக்கரை ஆவி அடங்குமுன் திறந்தால் என்ன நடக்குமோ அதேதான். எஞ்சினை நிறுத்திவிட்டு ஆகக் குறைந்தது அரை மணித்தியாலம் ஆற விட வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கவும் கூடும்.

அரை மணித்தியாலம் ஆற விடுவது வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுகம். ஆனால் அது காட்டு வீதி, இருள் வருகிறது, எங்களில் இருவருக்கு மட்டுமே கொஞ்சம் சிங்களம் தெரியும். ஓர் அம்மா மணிமாலையை உருட்டத் தொடங்கினார். ஒரு தங்கச்சி பேச்சில்லாமல் போனார். அப்போது ஒரு ஜீப் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. அந்த இரண்டு நிமிடத்தில் வானுக்குள் ஒருவரும் மூச்சுவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வந்தவர் சுற்றுலாப் பயணிகளுக்கு யானை காட்டிவிட்டுத் திரும்பிய ஜீப் சாரதி. நானும் இன்னொருவரும் இறங்கிப் பேசினோம். அவர் முதலில் சொன்னது, "அலி இன்னவா" என்பதுதான். சிங்களத்தில் அலி என்றால் யானைகள். மின்னேரியாக் குளத்துக்குக் கோடை காலத்தில் யானைகள் கூட்டமாக வருவதும், இருட்டிய பின் அவை அந்த வீதியைக் கடப்பதும் அங்குள்ளவர்களுக்குத் தெரிந்த விடயம். மற்றவர்களை உள்ளேயே இருக்கச் சொன்னார். கயிறு கட்டி எங்கள் வானை ஹபரணை வரை இழுத்துச் சென்று ஒரு கராஜில் விட்டார். கயிறு கட்டுமுன் அந்த ஜீப்பின் இலக்கத்தை எழுதி, நாங்கள் எங்கே நிற்கிறோம், யாரோடு போகிறோம் என்பதை எமது அலுவலகத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் இப்படி அனுப்புவதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உதவி செய்ய வந்தவரைச் சந்தேகிப்பதாக அதற்கு அர்த்தமில்லை.

புதிய பெல்ற் காலையில்தான் கிடைக்கும் என்றார் கராஜ்காரர். அவருடைய மனைவி எங்களை வீட்டுக்குள் அழைத்துப் பாய் விரித்துத் தந்தார். பிளேன்ரீயும் பணிசும் வந்தன. விறாந்தைச் சுவரில் இராணுவச் சீருடையில் ஓர் இளைஞரின் படம், பிளாஸ்ரிக் மாலை. யாரென்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் ஊரைக் கேட்டறிந்த பிறகு அவரும் எங்களிடம் வேறொன்றும் கேட்கவில்லை. எங்களில் ஒருவரால் அந்தத் தேநீரைக் குடிக்க முடியவில்லை. அவர் வானிலேயே படுப்பதாகச் சொன்னார். இன்னொருவர் துணைக்குப் போய் வானின் கதவுகளைப் பூட்டிக்கொண்டு அவரோடு இருந்தார். அவரை யாரும் வற்புறுத்தவுமில்லை, விளக்கம் கேட்கவுமில்லை. விடிய அந்த வீட்டு அம்மா வானுக்கே தேநீரைக் கொண்டுபோய் வைத்தார். அதைக் குடித்தாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

இரவு எட்டு மணிக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. எங்களில் ஒரு சகோதரிக்கு அவரது கணவரின் தமையன் எடுத்தார். தொலைபேசியில் அவர் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "உந்தக் காட்டுக்குள்ள உனக்கு என்ன வேலை? பிள்ளையள் இஞ்ச வழி பாத்துக்கொண்டு கிடக்குதுகள். விடிய முதல் பஸ்ஸில வந்து சேர்." அந்தச் சகோதரி பதில் ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

காலையில் எல்லோரும் கூடிப் பேசினோம். போக விரும்புபவர் போகலாம், திரும்ப விரும்புபவருக்குப் பஸ் காசும் ஒரு துணையும் உண்டு என்று சொன்னேன். அந்தச் சகோதரி திரும்பினார். இன்னொரு அக்கா துணைக்குப் போனார். பெல்ற் மாட்டி முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. மிகுதி எட்டுப் பேரும் பொலனறுவை, வெலிகந்தை வழியாகப் பின்னேரத்துக்கு முன் மட்டக்களப்பைச் சேர்ந்தோம். அங்கே எங்களுக்காகச் சோறும் கறியும் ஆறிக்கொண்டிருந்தன. கணக்குப் புத்தகங்களை விரித்து இரவு வரை கதைத்தோம்.

நாங்கள் போன ஒன்பது பெண்களில் நுண்கடன் தவணையால் ஆகக் கூடுதலாக நெருக்கப்பட்டிருந்தவர் திரும்பிப் போன அந்தச் சகோதரிதான். அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டியவரும் அவர்தான். அதற்குப் பிறகு அவர் எந்தப் பயணத்துக்கும் அனுப்பப்படவில்லை. பெல்ற்றின் விலையை எல்லோரும் பங்கு போட்டுக் கொடுத்தோம், அது முடிந்துவிட்டது. இந்த நட்டத்தைப் பங்கு போட முடியவில்லை.

இந்தக் கதையை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் யானையையும் சுவரில் இருந்த படத்தையும் பற்றித்தான் கேட்பார்கள். நான் அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்வேன். எஞ்சின் காப்பாற்றப்பட்டது ஒரு பெண்ணின் அறிவால். தம்பியின் முகம் வேகாமல் தப்பியதும் அதே அறிவால்தான். தண்ணீர் மெசினை இயக்குபவர்கள், தையல் மெசினைக் கழற்றிப் பூட்டுபவர்கள், நெல் குத்தும் ஆலையில் வேலை செய்பவர்கள் எங்கள் கிராமங்களில் எத்தனையோ பேர். வாகனத்தில் ஏறியவுடன் மட்டும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஏன் எண்ணிக்கொள்கிறோம்?

புறப்படும் முன்

வாகனம் பேசும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். மேலதிக ரயர், ஜக், சில்லுக் கழற்றும் ஸ்பானர் மூன்றும் இருக்கின்றனவா என்று கேட்டு, கண்ணால் பாருங்கள். மேலதிக ரயரில் காற்று இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த ரயர். பழைய ரயர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வெயிலில் நீண்ட தூரம் ஓடும்போது வெடிக்கலாம். காப்புறுதிப் பத்திரத்தில் அவசர உதவி இலக்கம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சாரதி முதல்நாள் இரவு நித்திரை கொண்டாரா என்றும் கேளுங்கள். இதெல்லாம் கேட்டால் ஒருவரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

ஆளுக்கொரு போத்தல் தண்ணீரைவிட வாகனத்துக்கென்று ஒரு கான் தண்ணீர், ஒரு ரோர்ச் லைற், பிஸ்கற், வழக்கமாகக் குடிக்கும் மருந்துகளில் இரண்டு நாளுக்கு மேலதிகமாக, ஒரு போர்வை. சலரோகம் உள்ளவர்கள் இருந்தால் இனிப்பும் வேண்டும். தொலைபேசி இலக்கங்களைக் கடதாசியிலும் எழுதி வையுங்கள். தொலைபேசியில் சார்ச் தீர்ந்துபோனாலும் கடதாசி இருக்கும்.

நின்றுவிட்டால்

வாகனத்தை இடது ஓரத்துக்கு ஒதுக்கி, இடது பக்கக் கதவால் இறங்குங்கள். ஐம்பது மீற்றர் பின்னால் எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள். அது இல்லையென்றால், எங்கள் ஊர் வழக்கப்படி, பச்சைக் குழையை முறித்துப் போடலாம். போகும்போது அதை எடுத்துவிட மறக்க வேண்டாம். வாகனத்துக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அடிபடுபவர்கள் பெரும்பாலும் அங்கே நிற்பவர்கள்தான். ரயர் மாற்றுவதென்றால் எல்லோரும் இறங்கி, ஜக்கில் தூக்குமுன் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, மற்றச் சில்லுக்குக் கல் வைக்க வேண்டும்.

ரயில் கடவையில் வாகனம் நின்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். முதலில் எல்லோரும் இறங்கித் தண்டவாளத்தை விட்டு விலகுங்கள். 2014 ஒக்ரோபரில் இருந்து யாழ்ப்பாணம் வரை ரயில் மீண்டும் ஓடுகிறது. பிறகுதான் வாகனத்தைப் பற்றிய யோசனை.

யானை உள்ள இடமென்றால் இறங்காதீர்கள். ஹோர்ன் அடிக்கவோ அதன் முகத்தில் லைற் பிடிக்கவோ வேண்டாம். வன்னியில் என்றால், ஒதுங்குவதற்காகத் தெரியாத பற்றைக்குள் போகாதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முழுமையாக முடியவில்லை. சிவப்புப் பலகை உள்ள இடத்தில் ஓர் அடியும் வைக்கக் கூடாது. எங்கு ஒதுங்கினாலும் இருவராகப் போங்கள்.

எங்கே நிற்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். வீதியோரக் கிலோமீற்றர் கல்லைப் பாருங்கள். ஏ-9 வீதியில் தூரம் கண்டியில் இருந்து எண்ணப்படுகிறது. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று நாங்கள் சொல்வதும் கண்டியில் இருந்து எண்ணிய அந்தப் பழைய மைல் கணக்குத்தான். "காட்டுக்குள்ள நிக்கிறம்" என்றால் யாராலும் வர முடியாது. வீதியின் பெயரும் கல்லின் இலக்கமும் சொன்னால் வருவார்கள். பொலிஸ் அவசர அழைப்பு 119, இலவச அம்புலன்ஸ் 1990, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

சிங்களப் பகுதியில் நின்றால் இந்த மூன்று வசனம் போதும். "வாஹனே கெடுணா" என்றால் வாகனம் பழுதாகிவிட்டது. "உதவ்வக் கரன்ன புளுவன்த?" என்றால் உதவி செய்ய முடியுமா. "கராஜ் எகக் கொஹெத தியென்னே?" என்றால் கராஜ் எங்கே இருக்கிறது. சொல்லிப் பழகுங்கள். உச்சரிப்புப் பிழைத்தாலும் விளங்கிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு என்ன சொல்வது?

இதுதான் பலருக்கும் கஷ்டமான பகுதி. மறைக்க வேண்டாம். மறைத்தால் பிறகு அதுவே குற்றமாகும். அழுதுகொண்டும் சொல்ல வேண்டாம். குழுவில் நிதானமான ஒருவர் எல்லா வீடுகளுக்கும் தானே எடுத்து, ஒரே மாதிரிச் சொல்லட்டும்: "வானில் பெல்ற் போய்விட்டது, இன்ன இடத்தில் நிற்கிறோம், எல்லோரும் சுகம், நாளை இத்தனை மணிக்குப் புறப்படுவோம், காலையில் திரும்ப எடுப்போம்." சொன்ன நேரத்துக்குத் திரும்ப எடுங்கள். இப்போது எமது பயணங்களில் இந்தப் பொறுப்பு புறப்படுமுன்னரே ஒருவருக்குக் கொடுக்கப்படுகிறது. தனியே ஒரு பெண்ணின் காதில் விழும் அதட்டலும், பத்துப் பேர் சார்பில் பேசும் ஒருவருக்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றல்ல என்பதைக் கண்டிருக்கிறோம்.

குடும்பத்தில் மறிப்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. இழந்து இழந்து பயந்தவர்கள் அவர்களும். அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுக்கலாம். ஆனால் அறுந்த ஒரு பெல்ற்றுக்காக ஒரு பெண்ணின் எல்லாப் பயணங்களையும் நிறுத்துவது நியாயமில்லை. வைத்தியசாலைக்கும், நீதிமன்றத்துக்கும், காணாமற்போனவர்களைத் தேடியும், சந்தைக்கும் நாங்கள் போகத்தான் வேண்டும். போகிற வாகனங்கள் சிலவேளை நிற்கத்தான் செய்யும்.

உங்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஊரில் வாகனம் வைத்திருக்கும் தம்பியையோ மெக்கானிக் அண்ணையையோ கூப்பிட்டு, வாகனத்தின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பெல்ற் எது, ரேடியேற்றர் எது, எந்த விளக்கு எதற்கு எரியும் என்று எல்லோரும் கிட்டப் போய்ப் பாருங்கள். கையில் எண்ணெய் பிரண்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். பயணத்துக்கு அனுப்பப்படாமல் வீட்டிலிருக்கும் சகோதரி யாராவது உங்கள் ஊரில் இருந்தால், அன்றைக்கு அவரையும் மறக்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள்.